உங்களுக்குத் தெரியுமா? பூந்தமல்லி ஒன்றியம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் வரை

★ பூந்தமல்லி ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பலகையில் உள்ள ‘ஒன்றியம்’ என்ற சொல்லைத்தான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் எழுதுகிறோம். அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவைக் குறிப்பதும் மாநிலங்களின் ஒன்றியம் என்றே. 2021-ல் தமிழக அரசு ‘மத்திய அரசு’ என்பதை விட்டு ‘ஒன்றிய அரசு’ என்று எழுதத் தொடங்கியபோது எழுந்த வாதம் நினைவிருக்கும். ஒன்றியத்தில் சேர்வதா, இருப்பதா, விலகுவதா என்ற பேச்சு நமக்குப் பழையது.

★ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதிகளில் வேட்புமனு கொடுக்கும் நாளில் தெருவில் மேளமும் கோஷமுமாக இருக்கும். உள்ளே தேர்தல் நடத்தும் அலுவலர் முன் நின்று வேட்பாளர் ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். நம்பிக்கை உள்ளவர் கடவுளறிய, மற்றவர் உளமார. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று அதில் ஒரு வரி வரும். உறுதிமொழி எடுக்காதவரின் மனு தள்ளுபடியாகும். நாடெங்கும் வேட்பாளர்கள் வாசிக்கும் அந்த வரி 1963 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்த 16-வது அரசமைப்புத் திருத்தத்தின் வழியாக நுழைந்தது. அது வர முதற்காரணம் தமிழ்நாடு.

★ 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது ‘தமிழ்நாடு தமிழருக்கே’ என்று எழுந்த முழக்கம், சில ஆண்டுகளில் தென்னாட்டின் நான்கு மொழியாரையும் சேர்த்த ‘திராவிட நாடு’ கோரிக்கையாக விரிந்தது. மற்ற மூன்று மொழிப் பகுதிகளில் அது வேர்பிடிக்கவில்லை, இங்கே பிடித்தது. 1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கிய தி.மு.க. அதைத் தன் குறிக்கோளாகவே வைத்திருந்தது. 1962 மே 1 அன்று அண்ணா மாநிலங்களவையில் தம் கன்னிப் பேச்சிலேயே சுயநிர்ணய உரிமையைக் கேட்டார். அவையில் குறுக்கீடுகள் எழுந்தன. ஆனாலும் பேசி முடித்தார். அந்த அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்தினார். 16-வது திருத்தத்தை அவையில் எதிர்த்தார். அது சட்டமானபின், 1963-ல், கட்சியே கோரிக்கையைக் கைவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1967 தேர்தலில் 137 இடங்கள், ஆட்சி. 1968-ல் இருமொழிக் கொள்கை. 1969 ஜனவரி 14 முதல் ‘தமிழ்நாடு’ என்ற பெயர். 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம். ஒன்றியத்துக்குள் இருந்தபடி ஒரு மாநிலம் எவ்வளவு தூரம் தன் குரலை உயர்த்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

★ ஆவடி வழியாகப் போகும் ரயிலில் திருத்தணி செல்கிறோமே, அந்தத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1-ல்தான். அதுவரை ஆந்திரத்தில் இருந்தது. அதற்காகப் போராடி முன்நின்றவர் ம.பொ.சி.

★ பிரிவினைக் கோரிக்கை இலங்கையில் போன வழி வேறு. 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டது. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம், பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. அதை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். தமிழர்களைக் குறிவைத்த ஜூலைப் படுகொலை நடந்து சில நாட்களே ஆகியிருந்தன. பேச வேண்டிய இடத்தில் பேச ஆளில்லாமல் போனது.

★ 1962 செப்டம்பரில் சிங்கப்பூர் மக்களிடம் மலேசியாவுடன் இணைவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று தேர்வுகள். மூன்றுமே இணைவதற்கான வெவ்வேறு நிபந்தனைகள். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமே இல்லை. 1963 செப்டம்பர் 16-ல் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகூட நிறையாமல் 1965 ஆகஸ்ட் 9-ல் பிரிந்தார்கள்.

★ 2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று பிரிட்டன் வாக்களித்த நாள். விலக 51.9 சதவீதம், இருக்க 48.1. அங்கே வசித்த பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் வாக்கு இல்லை. அங்கே குடியிருந்த இந்தியக் குடிமக்களுக்கு உண்டு! காமன்வெல்த் நாட்டவர் என்பதால் ஆவடியிலிருந்து வேலைக்குப் போனவரும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவரும் வரிசையில் நின்று ஐரோப்பாவின் தலைவிதியை எழுதலாம். எழுதியது பென்சிலில். அங்கே வாக்குச்சாவடியில் வைத்திருப்பது பென்சில்தான். யாராவது அழித்துவிடுவார்களோ என்று பயந்து பேனா கொண்டுபோனவர்களும் இருந்தார்கள்.

★ ‘ஆம் / இல்லை’ என்று பதில் கேட்பதாக இருந்த அந்த 2016 வாக்கெடுப்பின் கேள்வியை, இருக்கும் பக்கம் சாய்கிறது என்று சொல்லி பிரிட்டனின் தேர்தல் ஆணையம் மாற்றவைத்தது. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் பாதி நியாயம் இருக்கிறது.

★ வீட்டில் பழைய பி.எஸ்.ஏ. சைக்கிள் இருந்தால் அதன் பெயரைப் பாருங்கள். ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. ஹெர்குலிஸும் அந்த ஊரில் பிறந்த பெயர்தான். இரண்டையும் நமக்குச் செய்துகொடுத்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டுறவில் 1949-ல் பிறந்தது. பாடி லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் லூக்காஸும் பர்மிங்காம்காரர். நம் பகுதியில் லேத் பிடித்த எத்தனையோ பேர் தொழில் கற்றது அந்த ஊர் வரைபடங்களைப் பார்த்து. அந்த பர்மிங்காம் 2016-ல் 50.4 சதவீதம் விலகவே வாக்களித்தது. வித்தியாசம் வெறும் 3,800 வாக்குகள். ஆலைகள் மூடி வேலை போன ஊர்களின் கோபத்தை அம்பத்தூர் எஸ்டேட்காரர் எளிதில் புரிந்துகொள்வார். அதைக் கேலி செய்பவர்களை என்னால் ஏற்க முடியாது.

★ அந்தக் கோபத்துக்குக் கிடைத்த தீனிதான் மோசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு போகிறது என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்த கழிவையும் அங்கிருந்து உதவியாகத் திரும்பி வந்த பணத்தையும் அந்தத் தொகையில் கழிக்கவேயில்லை. நாட்டின் புள்ளிவிவர ஆணையம் கண்டித்தும் பேருந்து நிற்கவில்லை. வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு, இருக்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்த ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யை ஒருவன் தெருவில் கொன்றான்.

★ ஒன்றியத்திலிருந்து முதலில் விலகியது பிரிட்டன் அல்ல. டென்மார்க்கின் கீழுள்ள கிரீன்லாந்து, மீன்பிடி உரிமைக்காக, 1985-லேயே அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து வெளியேறியது.

★ ‘எளிய மக்கள் ஒருபுறம், ஏமாற்றும் மேல்தட்டு மறுபுறம்; மக்களின் குரல் நான் ஒருவனே’ என்று பேசும் அரசியலைப் பாப்புலிசம் என்கிறார்கள். 2008 நிதி நெருக்கடியும் 2015-ல் வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளும் ஐரோப்பாவில் அதற்கு உரமாயின. 2022-ல் இத்தாலியில் மெலோனி பிரதமரானார். 2023-ல் நெதர்லாந்தில் வில்டர்ஸ் கட்சி முதலிடம். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியில் ஏ.எஃப்.டி. கட்சிக்கு 20.8 சதவீதத்துடன் இரண்டாமிடம். ஆனால் பிரிட்டன் பட்ட பாட்டைப் பார்த்தபின் பிரான்சின் மரீன் லெபென், ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்ற பேச்சையே விட்டுவிட்டார்.

★ நம் ஊருக்கு வருவோம். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி உட்பட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. ஆவடி சேரவில்லை, 2019-ல் தானே மாநகராட்சி ஆனது. இந்த எதற்கும் மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. தமிழகத்தில் ஊராட்சிகளை நகரத்தோடு இணைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று கிராம சபைகளில் எதிர்ப்பு எழுகிறது. குடிநீர், பாதாளச் சாக்கடை வரும் என்று வரவேற்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கணக்கை முன்கூட்டியே மக்கள் முன் வைக்காததுதான் குறை.

★ தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் இன்னும் ஊராட்சியாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். இணைந்தால் வீட்டு வரி எவ்வளவு, தண்ணீர் எப்போது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.