பிள்ளைமடுவமும் குழவியர்தம் ஆக்கத்திறனும்

ஆக்கத்திறன் என்பது கவிஞர்க்கும் ஓவியர்க்கும் மட்டுமே வாய்த்ததொரு தனிப்பேறு என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருக்கின்றது. மூன்று வயதுக் குழந்தை தீப்பெட்டியைப் புகைவண்டியாக்கித் தரையில் இழுத்துச் செல்லும்பொழுது நிகழ்வதும் அத்தொழிலே. அத்திறன் வளர்தற்குப் பொழுதும் பொருளும் அச்சமின்மையும் வேண்டும். பெற்றோர் நாள் முழுதும் வேலைக்களத்திலிருக்கும் இடங்களில் இம்மூன்றையும் குழந்தைக்கு அளிப்பவர் யாவர்? இவ்வினாவை ஆராய்தற்கு மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் ஏற்றதொரு களமாகும்.

தலவாக்கலைக்கு அணித்தாயுள்ள லிந்துலைப் பகுதியிலும் பிற மலைத் தோட்டங்களிலும் குழந்தைக் காப்பகத்திற்கு வழங்கிவந்த பெயர் பிள்ளைமடுவம் என்பது. மடுவம் எனின் கொட்டகை. கொழுந்தைக் கொணர்ந்து நிறுக்குமிடம் கொழுந்து மடுவம். பிள்ளையைக் கொணர்ந்து விடுமிடம் பிள்ளைமடுவம். பெயர்களின் இவ்வொற்றுமை சிந்தித்தற்குரியது. 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பிப் பயிரை அழித்தபின், அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளருட் பலர் தமிழகம் மீள்வர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. கொழுந்தெடுத்தலும் பெரும்பாலும் பெண்கள் வேலையாயிற்று. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. கைக்குழந்தையுடைய தாய் மலைக்குச் செல்லவேண்டின் குழந்தையை விட்டுச்செல்ல ஓரிடம் வேண்டுமன்றோ? ஆகவே பிள்ளைமடுவம் தோன்றியது தாயின் கைகளை வேலைக்கு விடுவித்தற்கே. குழந்தையின் கைகளைப் பற்றி எவரும் எண்ணினாரல்லர்.

பால், உறக்கம், காவல் என்னும் மூன்றுடன் மடுவத்தின் கடமை முடிந்தது. அழுகுரல் கேளாத மடுவமே நல்ல மடுவம் எனப்பட்டது. ஏணையில் உறங்கும் சிசு முதல் ஓடித்திரியும் ஐந்து வயதுப் பிள்ளை வரை அனைவரையும் ஒருங்கே காத்த ஆயாவைக் குறைகூறுதல் முறையன்று.

1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தத்தின்பின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுக்கிடையே மடுவங்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் அமர்த்தப்பட்டனர். எனினும் புதியதோர் இடர் எழுந்தது. பிள்ளை எழுத்துக் கற்கவேண்டும், விரைவிற் கற்கவேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். தம் மகள் கூடை சுமத்தலாகாது என எண்ணும் தாயின் விருப்பத்தை இகழ்தல் எளிது, அறமன்று. ஆயினும் நான்கு வயதுக் குழந்தை கைகட்டி அமர்ந்து அகரத்தையே எழுதிக்கொண்டிருப்பின், பழைய மடுவத்தின் மௌனம் புதிய உருவில் மீண்டது என்றே கொள்ளல் வேண்டும்.

அக்குழந்தைகளைத் தம்போக்கில் விட்டுப் பார்த்தல் வேண்டும். ஒருவன் கோலெடுத்துக் கங்காணியாவான். மற்றையோர் கந்தையை முடிந்து தலையில் மாட்டிக் கொழுந்தெடுப்பர். சிரட்டை தராசாகும். நிறை குறைந்தவளுக்கு ‘அரைப் பேர்’ என்று கங்காணி தீர்ப்பளிப்பான். அவளோ, தராசு பொய் என்று வழக்காடுவாள். மாசி மாதம் காமன் கூத்து நடந்தபின் தகரப்பேணி தப்பாகும். லயத்து வாசல் களரியாகும். கற்பனை வெறுமையினின்று பிறப்பதன்று, கண்டதும் கேட்டதுமே அதன் கருப்பொருள் என்று உருசிய அறிஞர் விகோட்ஸ்கி 1930இல் எழுதினார். தராசை எதிர்த்துப் பேசும் அச்சிறுமி கண்டதை அவ்வாறே திரும்பச் செய்கின்றாளல்லள்; அதனை மாற்றுகின்றாள். ‘சத்தம் போடாதே’ என்று ஆயா அதட்டுமிடத்து அறுபடுவது இம்மாற்றமே.

பொருளுக்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மரியா மொன்ரிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து பயிற்சியளித்தார். அவர்தம் கருவிகள் அளவுபிசகாது இழைத்த மரத்தாலானவை. ஏழைச் சிற்றூர்களுக்கு எட்டாதவை. அவர் நெறியைக் கற்ற தாராபாய் மோடக் 1945இல் மகாராட்டிரத்துப் போர்டியில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியபொழுது, கல், இலை, விதை, சிப்பி ஆகியவற்றையே கருவிகளாக்கினார். லிந்துலையில் தேயிலை விதையும், யூக்கலிப்டசுக் காயும், கவ்வாத்து வெட்டிய குச்சியும், ஓடைக் கூழாங்கல்லும் உள. மருந்து தெளித்த மலையிலிருந்து எதையும் எடுத்தலாகாது, அவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. களிமண்ணும் நன்றே, ஆனால் நிலையத்திற் போதிய தண்ணீரும் மாற்றுடையும் இல்லையெனின், மாலையிற் களைத்து வரும் தாய் சேறுபடிந்த சட்டையைக் கண்டு சினத்தல் இயல்பே. தென்மேற்குப் பருவமழை விடாது பொழியும் நாட்களில் அகன்றதொரு விறாந்தையே பெருஞ்செல்வம்.

எழுத்தறிவுக்கும் விளையாட்டுக்கும் பகையுண்டென்பது பொருந்தாது. மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாக வெளிவந்தன. எழுதப் பயிலாதார் வாயிற் பிறந்த அப்பாடல்கள் ஒருவர் எழுதிக்கொண்டமையால் நிலைத்தன. பொறுப்பாளர் அதனையே செய்யலாம். குழந்தை தான் வரைந்த கிறுக்கலைக் காட்டிக் கதை சொல்லும். அச்சொற்களைத் திருத்தாது அதன் கீழ் எழுதிவைத்தல் வேண்டும். மாலையில் தாய் வரும்பொழுது அத்தாளைக் குழந்தை அவளிடம் நீட்டும். தன் வாய்ச்சொல் எங்கே எழுதப்பட்டிருக்கிறதென்று விரலால் தொட்டும் காட்டும்.