ஜீப் உங்கள் கையில், பேர் யார் கையில்?

மும்பை சீத்தா கேம்ப்பில் பழைய ஜீப்புக்கு ஆசைப்படாத இளவட்டம் குறைவு. மழைக்காலத் தண்ணீரிலும் போகும், ஊருக்குப் போனால் வரப்பு வழியிலும் ஏறும், நிறையப் பேர் உட்காரலாம். மஹிந்திரா மேஜரோ மாருதி ஜிப்சியோ, புது வண்டி விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. விலை படிந்ததும் சாவி கை மாறுகிறது. கூடவே ஒரு கவரில் பதிவுச் சான்றான ஆர்.சி.யும், விற்றவர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பாரங்களும் வருகின்றன. "பேர் மாத்துறத அப்புறமா பாத்துக்கலாம் அண்ணே" என்கிறார் நடுவில் நிற்கும் ஏஜென்ட். தொல்லைகளில் பாதி அந்த 'அப்புறமா'வில்தான் ஆரம்பம்.

காகிதத்தின் அருமை இந்தக் குடியிருப்புக்குத் தெரியாததல்ல. 1976ல், நெருக்கடி நிலை நாளில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடித்து மக்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு ரேஷன் கார்டையும் குடியிருப்புக்கான போட்டோ பாஸையும் பெட்டிக்குள் பூட்டி வைத்தே பல குடும்பங்கள் வீட்டைக் காப்பாற்றியிருக்கின்றன. அதே கவனம் ஜீப்புக்கும் வேண்டும்.

பேர் மாறாத வண்டியின் ஆபத்து

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50 தெளிவாகச் சொல்கிறது: ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளுக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான பாரங்கள் 29, 30. மும்பை கிழக்குப் பகுதிக்கான அலுவலகம் வடாலா ஆர்.டி.ஓ.; எம்.எச்.03 என்று தொடங்கும் எண்கள் அங்கே பதிவானவை. விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே தொடங்கலாம். ஏஜென்ட் மூலம் போனாலும், விண்ணப்ப எண் உங்கள் செல்போனுக்கு வரவேண்டும்.

பேர் மாறாவிட்டால் விற்றவருக்குத்தானே கஷ்டம் என்று நினைக்கலாம். அவருக்குக் கஷ்டம் உண்மைதான்: 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தும் ஆர்.சி.யில் பழைய பேரே இருந்தது. விபத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியவர் பதிவில் இருக்கும் உரிமையாளரே என்று நீதிமன்றம் சொன்னது. விற்றவர் பயப்பட அது ஒன்றே போதும். வாங்கியவருக்கு வரும் ஆபத்து வேறு வகை. திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் பணம் கேட்க உங்களிடம் ஆதாரமில்லை. போலீஸ் பிடித்தால் கோர்ட்டில் வண்டியைத் திரும்பக் கேட்க வேண்டியவர் பழைய உரிமையாளர். அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும்.

இன்சூரன்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரிவு 157ன்படி மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது. உச்ச நீதிமன்றம் இதை முன்பே சொல்லிவிட்டது. எனவே வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பேரை மாற்றுங்கள். விற்றவர் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும். அதை நம்பி பிரீமியக் கணக்குப் போடாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ், பி.யூ.சி. புகைச் சான்று இருக்கிறதா, கடன் நிலுவை உண்டா என்பது தெரியும். ஆர்.சி.யில் வங்கியின் பேர் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் பாரம் 35ம் இல்லாமல் நகராதீர்கள். கட்டாத இ-சலான் தனியாகப் பார்க்க வேண்டியது. பழைய அபராதத்தை விற்றவர் தலையிலேயே முடிக்க வேண்டும்.

ஊரிலிருந்து டி.என். எண் ஜீப்பை ஓட்டி வருபவர்கள் இங்கே அதிகம். அதற்கு அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் பாரம் 28ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியை மகாராஷ்டிரத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். இங்கத்திய வரியும் கட்ட வேண்டும். மலிவாகக் கிடைத்த ஜீப்பின் உண்மையான விலை அந்த வரியையும் கூட்டிய பிறகுதான் தெரியும்.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் பர்மிட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் வெள்ளை போர்டுக்கு மாற்ற முடியும். வெள்ளை போர்டில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் பிரிவு 192ஏ படி முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனையும் வரலாம். 'ஆர்மி ஜிப்சி' என்று விற்கப்படும் வண்டிக்கு ராணுவ ஏலத்தின் விடுவிப்புக் கடிதமும், அதன்பின் ஆர்.டி.ஓ.வில் செய்த சிவில் பதிவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒதுங்கிப் போங்கள்.

பதினைந்து வயது தாண்டிய வண்டி

டெல்லியில் பழைய வண்டிகளுக்கு வந்த வயதுத் தடையைக் கேள்விப்பட்டு, இங்கேயும் 15 வருடத்தில் வண்டி செத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மும்பையில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படியொரு தடை இல்லை. பிரிவு 41ன்படி முதல் பதிவு 15 வருடம். பிறகு வண்டியைக் காட்டித் தகுதி நிரூபித்தால் 5 வருடம் 5 வருடமாகப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் இப்போது கனம். 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார், ஜீப் வகைக்கு 10,000 ஆக்கினார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். மகாராஷ்டிரத்தின் சுற்றுச்சூழல் வரியும், உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் தனிச் செலவு. ஆர்.சி. காலாவதியான ஜீப்பின் விலை பேசும்போது இவ்வளவையும் கழித்துப் பேசுங்கள்.

இரும்பைப் பார்க்கும் விதம்

காகிதம் சரியாக இருந்தால் வண்டிக்கடியில் படுங்கள். முதலில் சேஸிஸ் எண். அது பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் பதிய வேண்டும். ஒரு எண் மட்டும் மேலேறி நின்றாலோ, சுற்றிலும் அரம் ராவிய கோடுகள் தெரிந்தாலோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும்.

அடுத்தது துரு. கடற்காற்றிலும் கழி ஓரத்திலும் நின்ற வண்டிக்கு அடிவயிறுதான் முதலில் போகும். சேஸிஸ் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். உள்ளே அரித்திருந்தால் 'சொத்' என்று அமுங்கும். இங்கே கமான் என்று சொல்லும் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் இடங்களில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கிங்பின் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. வேகத்தில் ஸ்டியரிங் உதறும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு தயாரித்த வருடம். பட்டன் எவ்வளவு இருந்தாலும், பத்து வருடப் பழைய டயரை மாற்றிவிட்டே ஓட்டுங்கள்.

குர்லாவின் பழைய இரும்புச் சந்தையான பங்கார் பஜாரில் மாற்று என்ஜின் கிடைக்கிறது என்று அவசரப்படாதீர்கள். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வின் அனுமதியும் ஆர்.சி.யில் புது எண்ணும் வேண்டும். பில் இல்லாத என்ஜின் எந்தத் திருட்டு வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அழகுபடுத்தினால் அபராதம்

பஞ்சாப், அரியானா பக்கத்துத் திறந்த ஜீப்பைப் பார்த்துவிட்டு மேற்கூரையை வெட்டுவது, பெரிய டயர் போடுவது, முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவது என்று இறங்கிவிடுகிறோம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புல் பார் கம்பிக்கு எதிராக மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. பிரிவு 182ஏ படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றியவர் முந்தைய உரிமையாளராக இருக்கலாம். ரோட்டில் நிறுத்தப்படுவது நீங்கள். மாற்றிய வண்டியைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமைத் தட்டிக் கழிக்கவும் இடம் உண்டு.

ஓட்டும்போது

பழைய ஜீப்பின் ஃபோர் வீல், சேற்றுக்கும் மணலுக்கும் ஆனது. காய்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால், முன் பின் சக்கரங்கள் வேறு வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் முறுக்கம் சேர்ந்து டிரான்ஸ்பர் கேஸோ கிராஸ் ஜாயின்டோ உடையும். உயரமான வண்டி என்பதால் வளைவில் கவிழும் வாய்ப்பு அதிகம். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் இல்லாமல் குழந்தைகளை உட்கார வைத்து சயன்–பன்வேல் ரோட்டில் வேகம் காட்டுவது வேண்டாத வேலை. தண்ணீரில் இறங்கி வந்தால் பிரேக்கை மெதுவாக மிதித்து மிதித்துக் காய வைத்த பிறகே வேகமெடுங்கள்.

கடற்கரை மணலும் காடும் பொது விளையாட்டு மைதானமில்லை. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைவது இந்திய வனச் சட்டம் 1927ன்படி குற்றம். எதிரே தெரியும் ட்ராம்பே மலைப் பக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் பாதுகாப்பு எல்லை. அங்கே சாகசம் வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்

யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். வாங்கும்போதே அதைக் கேளுங்கள். புகாருக்கு முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமலும் நீங்களே பேசலாம்.

தெரிந்தவரிடமோ பக்கத்து வரிசை வீட்டுக்காரரிடமோ வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கைகொடுக்காது. அங்கே உங்களைக் காப்பாற்றுவது எழுத்தில் உள்ள ஒப்பந்தம். விலை, தேதி, நேரம், கிலோமீட்டர், சேஸிஸ் எண், என்ஜின் எண், 'இதற்கு முந்தைய சலான், கடன், வழக்கு எல்லாம் விற்பவர் பொறுப்பு' என்ற வரி, இரண்டு சாட்சி. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி சொல்ல ஏஜென்ட் வரமாட்டார்.

திருட்டு வண்டி அல்லது போலிக் காகிதம் என்று சந்தேகம் வந்தால், இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தெரிந்தே விற்றால் நீங்களும் குற்றவாளி. ட்ராம்பே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், அது இலவசம். பதிய மறுத்தால் அதே புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இந்த உதவி உண்டு.

ஒருநாள் ஜீப்பை உடைக்கக் கொடுக்கும் நிலை வரும். அன்றைக்கும் பங்கார்க்காரர் தரும் ரொக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்று வாங்குங்கள், ஆர்.சி. ரத்தானதை இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். ரத்தாகாத எண்ணும் வெட்டியெடுத்த சேஸிஸ் துண்டும் வேறொரு வண்டியில் ஏறினால், அந்த வண்டி செய்யும் விபத்துக்கும் போலீஸ் வந்து தட்டப்போவது உங்கள் கதவைத்தான்.