வேர்க்கடலைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

விலக்கிவைத்த காலம்

ஒவ்வாமைக்குப் பயந்தால் அந்த உணவைக் குழந்தையின் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் சொன்னது. 2008-இல் அதைக் கைவிட்டது. அதே 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனில் வளர்ந்த யூதக் குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வளர்ந்தவர்களைவிடப் பத்து மடங்கு இருந்தது. இஸ்ரேலில் ‘பாம்பா’ என்றொரு தீனி உண்டு: வேர்க்கடலை விழுது சேர்த்த சோளப் பொரி, வாயில் வைத்தால் கரைந்துவிடும். பல் முளைக்காத பிள்ளைகள்கூட அதைச் சப்புகின்றன.

லண்டன் கணக்கு

ஊர் வேறு, வளர்ப்பு வேறு, கடலைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஒவ்வாமை ஆய்வாளர் கிடியன் லாக்கின் குழுவினர் லண்டனில் அதைச் சோதித்தார்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கடலை உணவு. மறுபாதிக்கு 5 வயது வரை அறவே இல்லை. 2015-இல் முடிவு வந்தது. விலக்கியவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. தோல் சோதனையில் ஏற்கெனவே பெரிதாகத் தடித்தவர்களை அவர்கள் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டவர்களிடம் ஒவ்வாமை குறைந்ததற்குச் சொல்லப்படும் விளக்கம் இது: நாம் கொடுக்காவிட்டாலும் வீட்டுத் தூசியிலும் பெரியவர்கள் கையிலும் கடலைத் துகள் இருக்கிறது. கரப்பானால் வெடித்த தோல் வழியாக அது நுழைந்தால் உடல் பகையாக எண்ணுகிறது. வயிற்றின் வழியாகப் போனால் பழகிக்கொள்கிறது.

கொடுக்கும் முறை

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற விதிக்கு இது முரண் இல்லையா? இல்லை, ஆறு மாதத்தையொட்டிக் கஞ்சி தொடங்கும்போதே கடலையும் சேரலாம் என்பதுதான் வாதம். கொடுத்தால் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தை அலட்சியப்படுத்த முடியாது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள், காய்ச்சல் சளி இல்லாத நாளில், பகலில் தொடங்கலாம். முழுக் கடலை 5 வயது வரை ஆகாது, தொண்டையில் அடைக்கும். வறுத்துத் தோல் நீக்கி, மைய அரைத்து, கஞ்சியில் நீர்க்கக் கரைத்து, கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள், பிறகு மீதி. தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினாலோ குழந்தை துவண்டாலோ உடனே 108. ஒன்றும் ஆகவில்லையென்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்: லண்டன் குழந்தைகளுக்கு வாரம் மூன்று வேளையாவது கடலை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.