தொலைக்காட்சிக் கணக்கில் நாம் எங்கே?

அரங்கில் அமர்ந்து பந்தயம் கண்டவர்களை நுழைவுச் சீட்டைக் கொண்டு எண்ணிவிடலாம். 2014-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபின், கொச்சி கலூர் நேரு அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ஆட்டங்களுக்குத் திரண்டவர்களை அவ்வாறே எண்ணினர். ஆனால் அதே ஆட்டத்தை மட்டாஞ்சேரியில் தம் வீட்டுக் கூடத்தில் கண்டவர்களுக்குச் சீட்டும் இல்லை, வாயிற்காப்போனும் இல்லை. அவர்களை எண்ணும் முறையே டி.ஆர்.பி. என வழங்கும் தரப்புள்ளி.

இந்தியாவில் 2015 முதல் இக்கணக்கைப் 'பார்க் இந்தியா' என்னும் அமைப்பு எடுத்து வருகிறது. ஒளிபரப்பாளரும் விளம்பரதாரரும் விளம்பர முகவரும் கூடி அமைத்தது அது. அலைவரிசைகளின் ஒலியில், காதுக்குப் புலப்படாத குறியீடு ஒன்று கலக்கப்படுகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்த மீட்டர் அக்குறியீட்டைக் கண்டு, ஓடுவது எந்த அலைவரிசை என அறிகிறது. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும், பார்க்க அமரும்போது தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும்.

கணக்கிடும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மீட்டர் வைத்த வீடுகளில் 100 பேர் உளர் எனக் கொள்வோம். 60 நிமிட ஆட்டத்தை 20 பேர் முழுமையாகவும், 40 பேர் 30 நிமிடமும் கண்டனர். இரு சாராரும் கண்டது தலைக்கு 1,200 நிமிடம் என்றல்ல, கூட்டமாக 1,200 நிமிடமே; ஆகமொத்தம் 2,400 நிமிடம். 100 பேரும் முழுமையாகக் கண்டிருந்தால் 6,000 நிமிடம். ஆகவே புள்ளி நூற்றுக்கு 40. இப்புள்ளியே விளம்பரத்தின் விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எம்மொழியில் வருணனை அளிப்பது என்னும் முடிவிலும் அதற்குப் பங்கு உண்டு.

2025-இல் மத்திய அரசு தந்த விவரப்படி, நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர்கள் சுமார் 58,000. ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மையே. ஆயினும் பானை முழுதும் ஒரே பதமாக வெந்திருந்தாலன்றோ அம்மொழி பொருந்தும்?

இங்குதான் வெளிமாநிலத் தமிழராகிய நம் நிலை கவனத்திற்குரியது. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருகின்றன. அத்தகைய வீடொன்றில் தமிழ் அலைவரிசை ஓடினாலும், அது கேரளச் சந்தைக்குள்ளேயே அடங்கும். வாரந்தோறும் வெளியாகும் தமிழ் அலைவரிசைப் பட்டியலோ தமிழ்நாடு, புதுச்சேரிச் சந்தையை மட்டும் கொண்டது. மலையாளப் பட்டியலுக்குக் கேரளமே எல்லை. ஆதலின் கொச்சித் தமிழர் தமிழில் பார்ப்பது இவ்விரு பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை தொடங்கியபின் தமிழ் வருணனை எளிதில் கிடைத்ததெனினும், அதனை நாடும் வெளிமாநிலத் தமிழர் எத்தனை பேர் என்பது அப்பட்டியலால் விளங்காது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று கனடாவில் உண்டு. பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கி அந்நாட்டின் பெருவிருப்ப ஆட்டம். சனிக்கிழமை இரவுகளில் அதனைத் தொலைக்காட்சியில் காட்டும் வழக்கம் 1952-இல் தொடங்கியது. 2008-இல் அங்குக் குடியேறிய பஞ்சாபியருக்காகப் பஞ்சாபி வருணனையும் சேர்ந்தது. மொத்த நேயருள் அவர்கள் சிறு தொகையினரே. எனினும் தனியொரு நேயர் கூட்டமாக மதிக்கப்பெற்றனர். 2016 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில், பிட்ஸ்பர்க் அணியின் நிக் பொனினோ கோல் போட்டபோது, வருணனையாளர் ஹர்நாராயண் சிங் அவ்வீரர் பெயரையே திரும்பத் திரும்ப முழங்கினார். பஞ்சாபி அறியாதாரும் அதனைக் கேட்டு மகிழ்ந்தனர். வெற்றி விழாவுக்குப் பஞ்சாபி வருணனைக் குழுவினரையும் பிட்ஸ்பர்க் அழைத்தது.

எனவே தரப்புள்ளியை அதன் அளவில் வைத்தே மதிக்க வேண்டும். அது வணிகத்துக்கென எடுத்த மதிப்பீடு. ஒரு மொழிக்கோ ஆட்டத்துக்கோ வழங்கிய தீர்ப்பன்று. மீட்டர் வீடுகள் இரகசியமாகத் தெரிந்தெடுக்கப்படுபவை; விண்ணப்பித்துப் பெற இயலாது. ஆனால் நேயர் கடிதம் எழுத எவர் அனுமதியும் வேண்டியதில்லை. எவ்வூரில் வாழ்கிறோம், எவ்வாட்டத்தை எம்மொழியில் கேட்க விழைகிறோம் என்பதை, நமது சங்கங்களின் வாயிலாகவேனும் ஒளிபரப்பாளருக்கு எழுதித் தெரிவிப்போமாக. பட்டியலில் காணாத நம் தொகை அவர்கள் மேசையிலேனும் காணப்படும்.