`நைட் ஒப்பிச்சான், காலையில மறந்துட்டான்!' - வீட்டுல டியூஷன் எடுக்குற அண்ணன், அக்காக்களுக்கு சில டிப்ஸ்

வீட்டுல ஒருத்தர் பத்தாவது போயிட்டா, காலேஜ் முடிச்ச அண்ணனோ அக்காவோதான் டியூஷன் டீச்சர். தம்பி நாலு தடவை சத்தமா வாசிப்பான், கடகடன்னு ஒப்பிப்பான். மூணு நாள் கழிச்சுக் கேட்டா முழிப்பான். `எனக்கு ஞாபகசக்தியே இல்லக்கா' என்று அவனே முடிவு கட்டிவிடுவதுதான் இதில் ஆபத்து. ஆனா, பிரச்னை பெரும்பாலும் அவன் மூளையில் இல்லை. படிக்கிற முறையில் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில பாடங்களை மாணவர்கள் திரும்ப வாசித்தார்கள். சிலவற்றை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். 5 நிமிடத்தில் வைத்த டெஸ்ட்டில் வாசித்த பாடமே நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்ட்டில் நிலைமை தலைகீழ்!

அதனால முதல் ரூல்: புத்தகத்தை மூடிட்டுக் கேளுங்க. அவன் யோசிச்சுத் திணறும்போது உடனே எடுத்துக் கொடுக்காதீங்க. அந்தத் திணறல்தான் பாடத்தைப் பதிய வைக்குது.

செய்யுளுக்கு...

`அடிபிறழாமல் எழுதுக' கேள்விக்கு, முதலில் பாடலைப் பார்த்து எழுதட்டும். அடுத்து, ஒவ்வோர் அடியின் முதல் சொல்லை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்க. கடைசியில் வெறும் தாள். முதல் சொல்லைப் பிடித்தால் மீதி தானாக வரும் என்பது நம்ம ஆளுங்களுக்குப் பழைய சங்கதி. ஆத்திசூடி அகர வரிசையில் போவதும், அந்தாதியில் ஒரு பாடலின் முடிவே அடுத்ததன் தொடக்கமாவதும் நினைவில் நிற்க உதவுகின்றன.

வருடங்களுக்கு...

தனித்தனியா உருப்போட்டா குழம்பும். கதையாக் கோத்துடுங்க. 1914-ல் முதல் உலகப்போர், 1918-ல் முடிவு. உரிமைகள் கிடைக்கும்னு இந்தியர்கள் காத்திருந்தா, 1919-ல் வந்தது ரௌலட் சட்டம். அதை எதிர்த்த நேரத்தில் ஜாலியன் வாலாபாக் படுகொலை. அந்தக் கோபமும் சேர்ந்து 1920-ல் ஒத்துழையாமை இயக்கம்.

பட்டியலுக்கு...

அரசியலமைப்பு முகவுரையின் ஐந்து சொற்களை வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். வாசல் கதவு - இறையாண்மை (யார் உள்ளே வரணும்னு நாமதான் முடிவெடுப்போம்). கிச்சன் - சமதர்மம் (ஆளுக்கு மூணு தோசை). ஹால் காலண்டர் - சமயச்சார்பின்மை (எல்லா மதப் பண்டிகையும் இருக்கு). டிவி - மக்களாட்சி (என்ன சேனல்னு ஓட்டெடுப்பு). அப்பாவோட ஈஸி சேர் - குடியரசு (தலைமைப் பதவி வாரிசுக்குக் கிடையாது!). எக்ஸாம் ஹாலில் மனசுக்குள் ஒரு ரவுண்டு வந்தால் போதும்.

சூத்திரம், வரையறைகளுக்கு...

ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பிரபலமாக்கிய முறை இது. அட்டையின் ஒருபக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். காலியான ஸ்வீட் பாக்ஸ் மூணு எடுத்துக்கோங்க. முதல் பாக்ஸ் தினமும், இரண்டாவது மூணு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாச் சொன்னா அட்டை அடுத்த பாக்ஸுக்குப் போகும். தப்புன்னா மறுபடி முதல் பாக்ஸ்தான்.

ஒரு விஷயம்... புரியாத பாடத்துக்கு இதெல்லாம் மாற்று இல்லை. முதல்ல புரிய வைங்க, அப்புறம் மனப்பாடம்.

இனிமே, `அதுக்குள்ள மறந்துட்டியா?'ன்னு கேட்காதீங்க. `எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு, சொல்லு'ன்னு கேட்டுப் பாருங்க. அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.