தேனுண்ணிப் பறவைகளும் குடும்பப் பெயரும்

பறவைகளை வகுத்துப் பெயரிடும் அறிஞர் நெடுங்காலம் புறத்தோற்றத்தையே பெரிதும் துணைக்கொண்டனர். வளைந்த அலகும், பூந்தேனைத் துடைத்தெடுக்கும் தூரிகை போன்ற நாவும் உடையவை ஒரே குலத்தன என்று கொள்வது இயல்பாயிற்று. எனினும், உறுப்பின் ஒப்புமை மட்டும் உறவைக் காட்டாது என்பதற்கு ஹவாய்த் தீவுகளின் தேனுண்ணிகள் தக்க சான்றாகும்.

இத்தீவுகளில் மோஹோ என்னும் சாதியைச் சேர்ந்த நான்கு இனங்களும், கியோவேயா என்னும் வேறொரு சாதிப் பறவையும் வாழ்ந்தன. மோஹோப் பறவைகளைத் தீவினர் 'ஓஓ' என்றழைத்தனர். அவற்றின் மஞ்சள் இறகுகள் குலத்தலைவரின் மேலாடைகளை அணிசெய்தன. இவ்வைந்து இனங்களும் அவுஸ்திரேலியத் தேனுண்ணிகளுக்குரிய மெலிபாகிடே குடும்பத்திலேயே வைத்தெண்ணப்பட்டன.

2008ஆம் ஆண்டிலே பிளைஷர், ஜேம்ஸ், ஒல்சன் என்னும் ஆய்வாளர் மூவர், நூதனசாலைகளிற் பேணப்பட்ட பழைய பறவையுடல்களிலிருந்து மரபணுப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அவுஸ்திரேலியத் தேனுண்ணிகளோடு இவற்றிற்கு நெருங்கிய உறவில்லை என்பதும், வடபுலத்து மெழுகிறகுப் பறவைகளும் அவற்றின் சுற்றமுமே இவற்றின் கிளைஞர் என்பதும் புலனாயின. பூந்தேன் உண்ணும் வாழ்க்கை, கூர்ப்பின் வழியே, வெவ்வேறு குலங்களுக்கு ஒத்த கருவிகளை அளித்திருந்தது.

ஆகவே இவற்றிற்கென மோஹோயிடே என்னும் புதுக்குடும்பம் வகுக்கப்பட்டது. ஆயின், அப்பெயர் சூட்டப்படுமுன்னரே அதிலடங்கிய இனங்கள் யாவும் அழிந்துவிட்டன. இறுதியாக எஞ்சிய கவாய்த் தீவின் ஓஓப் பறவையின் குரல் 1987ஆம் ஆண்டின் பின் கேட்கப்படவில்லை. பெருங்குடும்பமொன்றின் சில கிளைகளே பட்டன என்று எண்ணியிருந்தோர், ஒரு குடும்பமே வேரோடு மறைந்தமையை உணர்ந்தனர். பெயரிடுதல் வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. உலகம் இழந்தது எத்துணை என்பதை அளந்துகாட்டும் கோலும் அதுவேயாம்.