உறையின் பின்பக்கம்

பழைய கடித உறை ஒன்று பரணிலிருந்து கிடைத்தால் முதலில் எல்லோர் கண்ணும் தபால் தலைக்குத்தான் போகும். அதைக் கிழித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நெஞ்சு பதறுகிறது. முன்பக்கம் கடிதம் புறப்பட்ட இடத்தைத்தான் சொல்லும். அது போன வழி பெரும்பாலும் பின்பக்கத்து முத்திரைகளில் இருக்கிறது.

1930களில் காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் ரங்கூனுக்குப் போன நகரத்தார் கடிதங்களையே எடுத்துக்கொள்வோம். தபால் தலைமேல் விழுந்தது ஊர்த் தபாலாபீஸ் முத்திரை. அடுத்து ரயில். ஓடும் மெயில் வண்டிக்குள் நின்றபடியே ஆர்.எம்.எஸ். எனும் ரயில்வே தபால் பிரிவின் ஊழியர்கள் கடிதங்களைப் பிரித்தார்கள். அவர்கள் குத்திய முத்திரையில் ஊர்ப் பெயர் இராது. பிரிவைக் குறிக்கும் எழுத்து, ஓர் எண், ‘அவுட்’ அல்லது ‘இன்’, கூடவே ஒரு ‘செட்’ எண். தலைமையிடத்தை விட்டுப் போகும் வண்டி என்றால் ‘அவுட்’, திரும்பும் வண்டி என்றால் ‘இன்’. ‘செட்’ என்பது அன்று வேலை பார்த்த குழு. புரியாத கிறுக்கல் என்று பலர் ஒதுக்கும் இந்த முத்திரைதான் கடிதம் எந்தத் தடத்தில், எந்தத் திசையில் போனது என்று காட்டிக்கொடுக்கிறது. எல்லா உறையிலும் இது கிடைக்காது. கட்டிய பைக்குள்ளேயே போன கடிதத்தின்மேல் வழியில் யாரும் முத்திரை குத்துவதில்லை.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். கடலில் கழிந்த நாட்களை ரங்கூன் முத்திரையின் தேதியை வைத்து நாம்தான் கணக்கிட வேண்டும். ஒரே மாதத்து உறைகள் நாலைந்தை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வெவ்வேறு நாளில் ஊரைவிட்டுக் கிளம்பியவை ஒரே நாளில் ரங்கூன் சேர்ந்திருந்தால், அவை ஒரே கப்பலுக்காகக் காத்துக் கிடந்தவை என்று கொள்ளலாம். நெல் விலை சரிந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில், முதலாளியின் உத்தரவை எதிர்பார்த்து ரங்கூன் மொகல் தெருவில் நகரத்தாரின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கியில் உட்கார்ந்திருந்த மேலாளுக்கு, அதாவது கடையைப் பொறுப்பேற்று நடத்திய முகவருக்கு, ஒரு கப்பல் தவறுவது சிறிய விஷயமல்ல.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அன்று முதல் ரங்கூனிலிருந்து வந்த உறைகளில் ‘பர்மா’ என்று மேலச்சு பதித்த இந்தியத் தபால் தலைகள் வந்தன. முத்திரையில் வருஷம் அழிந்துபோயிருந்தாலும் அந்த ஒரு சொல் காலத்தைக் காட்டிவிடும். 1939இல் உலகப்போர் தொடங்கிய பிறகு தணிக்கை வந்தது. பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டிய காகிதப் பட்டையும் தணிக்கை முத்திரையும் உறைமேல் ஏறின. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. போக வழியில்லாத கடிதங்கள், தபால் சேவை நிறுத்தப்பட்டது என்ற முத்திரையோடு அனுப்பியவருக்கே திரும்பி வந்தன. எத்தனையோ குடும்பங்கள் தங்கள் ஆட்கள் பர்மாவிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்ததை அறியாமல் எழுதிய காலம் அது.

மங்கிய முத்திரையைப் படிக்க, உறையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்து ஒளி மாறுபாட்டைக் (கான்ட்ராஸ்ட்) கூட்டினாலும் எழுத்து தெளியும். தண்ணீர் மட்டும் படவே கூடாது. உள்ளிருந்த கடிதத்தை உறையிலிருந்து பிரித்து வைக்காதீர்கள். நம் பெரியவர்கள் தமிழ் வருஷமும் மாதமும் போட்டே எழுதினார்கள். பிரமாதி ஆவணி என்றால் 1879ஆகவும் இருக்கலாம், 1939ஆகவும் இருக்கலாம். எந்தப் பிரமாதி என்பதை உறைமேல் உள்ள முத்திரைதான் உறுதிசெய்யும்.